பதினோராவது பொருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மணமாலைப் பக்கத்தில் 'மணமகன் லண்டன், மாத வருமானம் இரண்டரை லட்சம்' என்ற வகை விளம்பரங்களை வாரந்தோறும் காண்கிறேன். இதே போன்ற ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் 2024 ஆவணியில் என் மகளின் திருமணத்தை முடித்தோம். நட்சத்திரம், ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தமும், கூடவே செவ்வாய் தோஷமும் பார்த்த நாங்கள், மாப்பிள்ளையின் ஆண்டுச் சம்பளம் பவுண்டில் எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காத குற்றத்துக்கு, கழுத்தில் தாலியோடு என் மகள் ஓராண்டுக்கு மேல் பிறந்த வீட்டிலேயே இருந்தாள்.

பிரிட்டிஷ் குடியுரிமையோ 'ஐ.எல்.ஆர்.' எனப்படும் நிரந்தர வசிப்புரிமையோ உள்ள ஒருவர், வெளிநாட்டிலிருந்து தம் துணையை அழைத்துக்கொள்ள, வரிப் பிடித்தத்துக்கு முன் ஆண்டுக்குக் குறைந்தது 29,000 பவுண்டு சம்பாதிக்க வேண்டும். 2012 முதல் 18,600 பவுண்டாக இருந்த வரம்பு 2024 ஏப்ரல் 11 அன்று ஒரேயடியாக இந்த அளவுக்கு ஏறியது. எங்கள் தரகரின் மனக்கணக்கோ பழைய தொகையிலேயே நின்றிருந்தது. மருமகனுக்கு மாதம் 2,300 பவுண்டு. ரூபாயாக்கிப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் தொகைதான். ஆண்டுக்குக் கூட்டினால் 27,600. வரம்புக்கு 1,400 பவுண்டு குறைந்தது.

கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளராக இருந்த மகளின் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாமே என்று நினைத்தோம். விண்ணப்பிப்பவர் தம் நாட்டில் வாங்கும் சம்பளம் கணக்கில் வராதாம். இருவரும் உழைத்து நடத்தப்போகும் குடித்தனத்தை ஒருவர் சம்பளத்தை மட்டும் வைத்து எடைபோடுவது எனக்கு இன்றளவும் நியாயமாகப் படவில்லை. ஆயினும், இத்தகைய வரம்பு வைப்பது கொள்கை அளவில் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2017இல் கூறிவிட்டது. நாம் புலம்பி என்ன ஆகப்போகிறது?

நாங்கள் அணுகிய முகவர் ஒருவர், கைமாற்று வாங்கி வங்கியில் ஒரு தொகையைக் காட்டிவிடலாம் என்றார். சம்பளத்துக்குப் பதில் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு வேண்டும், அது ஆறு மாதம் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும், கடன் வாங்கிய பணம் செல்லாது என்பதையெல்லாம் மகளே விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டாள். பாதி நகையை விற்கலாமா என்று நாங்கள் யோசிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது.

டிசம்பரில் மருமகன் கூடுதல் சம்பளத்தில் வேறு வேலைக்கு மாறினார். அதன் பிறகும், விதிப்படி அந்த வேலையில் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள் சேரும்வரை காத்திருந்தோம். சீர்வரிசைத் தட்டுகளைப் பரப்பிய அதே கூடத்தில் சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்குத் தாள்களையும் பரப்பி, இரண்டிலும் தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பார்த்து அவள் பென்சிலால் டிக் அடித்த இரவு எனக்கு மறக்காது. காசநோய்ப் பரிசோதனையும் முடிந்தது. ஆங்கிலம் தெரியும் என்பதற்கும் சான்று காட்ட வேண்டும்; பட்டத்தைச் சரிபார்த்துச் சான்று வாங்குவதைவிடத் தேர்வு விரைவு என்பதால், ஆங்கிலம் கற்பிக்கும் பெண் 'ஏ1' என்ற அரிச்சுவடி நிலை ஆங்கிலத் தேர்வு எழுதப் போனாள். அன்று மட்டும் வீட்டில் கொஞ்சம் சிரித்தோம். 2025 ஜூனில் விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டும், இரண்டே முக்கால் ஆண்டு விசாவுக்கான மருத்துவ வரி 3,105 பவுண்டும் கட்டினோம். ஏறக்குறைய ஆறு லட்சம் ரூபாய். செப்டம்பரில்தான் விமானம் ஏறினாள்.

வேலை விசாவில் இருக்கும் மாப்பிள்ளைக்கு விதிகள் வேறு; பெரும்பாலும் அவர் மனைவி சார்ந்தோர் (டிபென்டன்ட்) விசாவில் போகலாம், மேற்சொன்ன வரம்பு அவருக்குப் பொருந்தாது. ஆனால் 2024 மார்ச் 11க்குப் பிறகு முதியோர் பராமரிப்புப் பணிக்கான விசாவில் புதிதாகப் போனவர்களால் மனைவியை அப்படி அழைத்துக்கொள்ள முடியாது. விளம்பரத்தில் எல்லோரும் 'லண்டன் மாப்பிள்ளை'தான்.

ஆகவே, வெளிநாட்டு வரன் விளம்பரங்களை ஏற்கும்போது, மணமகன் எந்த விசாவில் இருக்கிறார், அந்நாட்டுப் பணத்தில் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, இப்போதைய வேலையில் எத்தனை மாதமாக இருக்கிறார் என்ற மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கி வெளியிடுமாறு வேண்டுகிறேன். நட்சத்திரத்துக்கும் கோத்திரத்துக்கும் ஒதுக்கும் இடத்தில் ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.