மணிச்சுடருக்கு எத்தனை இதழ்?

ஆத்தங்குடி,
ஞாயிறு மாலை

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய கதையை இரண்டு தடவை படித்துவிட்டேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த மலைநாடு, வானத்தில் இரண்டு நிலா, பாட்டுப் பாடினால்தான் வழிவிடுகிற ஆறு, எல்லாம் ரொம்பப் பிடித்தது. ஆனால் என் மனசு சுற்றிச் சுற்றி வந்தது அந்த மணிச்சுடர்ப் பூவிடம்தான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆறேழு வயதில் பட்டறைக்கு வந்து, தரையில் பதிக்க நான் வார்த்துக் காய வைத்திருந்த பூக்கல்லைக் காட்டி, "இந்தப் பூ எந்த மரத்துலப்பா பூக்கும்?" என்று கேட்டாய். வேலை மும்முரத்தில், "எங்கேயும் பூக்காது, போம்மா" என்று சொல்லிவிட்டேன். உன் முகம் சுருங்கிப் போனது. உன் கதையைப் படிக்கும்போது அந்த முகம்தான் கண்முன் நின்றது. அன்றைக்கு உன்னோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இப்போது பேசுகிறேன்.

கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, தகட்டு அறை ஒவ்வொன்றிலும் கரண்டியால் சாயம் கலந்த சிமெண்ட் பாலை ஊற்றுவேன், பார்த்திருக்கிறாய். அச்சைத் தூக்கும்போது மூச்சுவிடவே மாட்டேன். கை துளி அசைந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடி, பூ சேறாகிவிடும். உன் மணிச்சுடருக்கு அப்படி வரம்பு கட்டும் தகடு இல்லை அம்மா. ராத்திரி முழுக்க ஒளிர்கிறது, எல்லா நோயும் தீர்க்கிறது, எந்தப் பருவத்திலும் பூக்கிறது, வாடுவதே இல்லை. எவ்வளவு அழகாக எழுதியிருந்தும் கண்ணில் நிற்கவில்லை.

நம் கண்மாய்க்கரை இலுப்பையை நினைத்துப் பார். அது ராத்திரியில் பூப்பது வௌவாலுக்காக. அந்த மணமும் இனிப்பும் அதைக் கூப்பிடத்தான். விடியும்போது பூ தரையில் கொட்டிக் கிடக்கும். நீ பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்து, கறையாக்கி, அம்மாவிடம் திட்டு வாங்குவாய். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சும்மாவா சொன்னார்கள்? முல்லையும் அப்படித்தான். அந்தி சாய்ந்ததும் வெள்ளையாக விரிந்து மணப்பது, இருட்டில் வருகிற அந்துப்பூச்சிக்குத் தெரியட்டும் என்று.

பிரான்மலைக்குப் போனபோது பாரி கதை சொன்னேனே. பற்றிக்கொள்ளக் கொம்பில்லாமல் அந்த முல்லைக்கொடி தவித்ததால்தான் தேர் நின்றது. யார் துணையும் வேண்டாத கொடியாக இருந்திருந்தால் பாரி பாட்டுக்குத் தேரை ஓட்டிக்கொண்டு போயிருப்பான்.

மணிச்சுடர் ஒளிர்வது யாருக்காக? அதைத் தேடி வரும் பூச்சி எது? பறித்தால் எத்தனை நாழிகை தாங்கும்? உன் கதையில் ராஜாவும் மந்திரவாதியும்தான் அதைத் தொடுகிறார்கள். சந்தையில் ஒரு கிழவி அதை முழம் போட்டு விற்றால் எனக்கு அந்த ஊர் இன்னும் நெருக்கமாகிவிடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. நம் பூக்கல்லில் பெரும்பாலும் நான்கு இதழ், இல்லாவிட்டால் எட்டு. சதுரக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பதித்தாலும் பூ பொருந்த வேண்டுமே. தோட்டத்தில் ஐந்து இதழ்தான் அதிகம் பார்க்கிறோம்: செம்பருத்தி, அரளி, ஒற்றை நந்தியாவட்டை. செங்காந்தளுக்கு ஆறு. மணிச்சுடருக்கு எத்தனை என்று நீ எங்குமே எழுதவில்லை.

திண்ணையில் நாலு கல் பெயர்ந்து கிடக்கிறது. அச்சு செய்கிறவரிடம் பேசிவிட்டேன். எட்டு இதழ் என்றால் நாலு கல்லும் சேர்ந்து ஒரே பூ. ஐந்து என்றால் கல்லுக்கு ஒரு முழுப் பூ. பூவின் நீலத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெள்ளை வரி கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஒளிராது, சரி. ஆனால் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க, ஆள் நடக்க நடக்க, பளபளப்பு ஏறும்.

தகட்டை வளைப்பதற்கு முன்னால் அவருக்குக் கணக்குத் தெரிய வேண்டுமாம். சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அப்பா