இஞ்சி டீயில் பால் ஏன் திரிகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கமுங்க. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து நம் கடையில் இஞ்சி, ஏலக்காய் கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "ஏனுங், இஞ்சி தட்டிப் போட்டா பால் திரிஞ்சு போகுதுங்களே, இஞ்சி சரியில்லைங்களா?" கல்லாவில் கூட்டத்துக்கு நடுவே பாதிப் பதில் சொல்வதைவிட, முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சீனாவின் குவாங்டாங் பக்கம் இதற்காகவே சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றி, கட்டியாக உறைய வைத்துச் சாப்பிடுகிறார்கள். நமக்கு அது வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் இஞ்சி நன்றாக வெந்துவிட்டால் அந்த நொதி அடங்கிப்போகும். அதனால் இஞ்சி முதலில் தண்ணீரில், பால் அப்புறம்தான். காலையில் வாங்கி வெளியிலேயே வைத்த பாலும் திரியும். அது இஞ்சியின் குற்றமில்லை.

இரண்டு டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் வையுங்கள். கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, 2 ஏலக்காய், 1 கிராம்பு, 4 மிளகு, சின்னத் துண்டு பட்டை, எல்லாவற்றையும் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, நாலைந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கிராம்பை ஒன்றோடு நிறுத்துங்கள். கூடினால் டீ முழுக்க அதன் வாசம்தான். அப்புறம் டீத்தூள் 2 ஸ்பூன். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து டஸ்ட் தூள் மிகச் சன்னம், சாயம் சீக்கிரம் இறங்கும். 2 நிமிடத்துக்கு மேல் கொதித்தால் துவர்ப்பு ஏறும். பிறகு ஒரு டம்ளர் பால் ஊற்றி, இரண்டு முறை பொங்கவிட்டு வடிகட்டுங்கள். பேக்கரியில் டிகாஷனைத் தனியாக இறக்கிப் பாலில் கலப்பார்கள், அது வேறு பக்குவம். திருப்பூருக்கு வேலைக்கு வந்த வடமாநிலத்தார் வீடுகளில் இப்படித்தான் எல்லாம் ஒரே பாத்திரத்தில்.

நாட்டுச் சர்க்கரை போடுகிறவர்கள் அடுப்பில் போடாதீர்கள். கொதிக்கிற பாலில் அதுவும் சில சமயம் திரித்துவிடும். டம்ளரில் போட்டு, மேலே டீயை ஊற்றிக் கலக்குங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போகிற கவுந்தப்பாடி நமக்குப் பக்கம்தான். அந்தச் சர்க்கரையின் மணம் மிளகோடு சேர்ந்தால் வெள்ளைச் சர்க்கரை கிட்டவே வராது என்பது எங்கள் எண்ணம்.

ஏலக்காய் வாங்கும்போது ஒன்றை உரித்துப் பார்த்து வாங்குங்கள். எங்கள் கடையிலும் தாராளமாக உரிக்கலாம். விதை கறுத்து, ஒன்றோடொன்று பிசுக்காக ஒட்டியிருந்தால் நல்ல காய். வெளுத்து, உதிரியாகக் கொட்டினால் எண்ணெய் வற்றிவிட்டது, எத்தனை போட்டாலும் மணக்காது.

டீ மசாலாப் பொடியை பாக்கெட்டில் வைத்து நாங்கள் விற்காததற்கும் இதுதான் காரணம். இடித்த நிமிடத்திலிருந்து மணம் பறக்க ஆரம்பித்துவிடும். மூன்று மாதம் அலமாரியில் இருந்த பொடியை உங்களுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்குத் தினமும் தட்ட நேரமிருக்காது, தெரியும். முந்தின நாள் சொல்லிவிட்டால் இஞ்சிக்குப் பதில் சுக்கு சேர்த்து 50 கிராம் இடித்து வைக்கிறோம். இறுக மூடி வைத்து, பதினைந்து நாளில் தீர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மளிகைக் கடை,
அவினாசி