எமது குதிரை, கழுதைக் காப்பகத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிருவாகசபையினரே, அங்கத்தவர்களே, அயலிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நான் வாசித்தது முழுக்க மிருகங்களைப் பற்றியது. இம்முறை காப்பகம் இருக்கும் காணியையும் அதில் எழுந்த பிணக்கையும் பற்றித்தான் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆனாலும் மிருகங்களில் இருந்தே தொடங்குகிறேன்.

வருட முடிவில் எங்களிடம் 5 குதிரைகளும் 13 கழுதைகளும் இருந்தன. கழுதைகள் எல்லாமே மன்னார்ப் பக்கமிருந்து வந்தவை. இரவில் தார் வீதியின் சூட்டுக்காகப் படுத்துக் கிடந்து வாகனத்தில் அடிபட்டவைதான் அதிகம். குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று வயிறு ஊதி வந்தவை இரண்டு. குதிரைகளில் மூன்று கல்யாண ஊர்வல வண்டி இழுத்தவை, மற்ற இரண்டும் உல்லாசப் பயணிகளைச் சுமந்தவை.

மார்ச்சில் வந்த செவலைப் பெட்டையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குதிரையின் குளம்பு எங்கள் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும், ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்கு ஒருதரம் செதுக்க வேண்டும். இவளுக்கு நெடுங்காலம் யாரும் கத்தி வைக்கவில்லை. முன்குளம்பு இரண்டும் நுனி மேலே வளைந்து, குதிக்காலை ஊன்றியே நடந்தாள். ஒரே தடவையில் வெட்டினால் உயிர்ச்சதையில் படும் என்று மிருக வைத்தியர் சொன்னதால், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து தடவை செதுக்கினோம். ஓகஸ்டில் அவள் முதல் தடவையாக ஓடினாள். வழக்குப் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, அதில் உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். அதை நம்பி நீதிமன்றம் ஏறுவதை விட, இனிக் குதிரை வாங்குவதில்லை என்று உரிமையாளரிடம் எழுதி வாங்கியது நல்லது என்று நினைத்தோம்.

தீவனம் பற்றி ஒரு வேண்டுகோள். அன்போடு வைக்கோல் கொண்டுவந்து தருகிறீர்கள், நன்றி. மாட்டுக்கு அது சரி. குதிரை இரை மீட்காது, அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. வைக்கோலை மட்டும் தின்றால் குடலில் அடைத்து, வயிற்று வலியிலேயே செத்துப் போகலாம். அதற்குத் தேவை புல், அதுவும் நாளின் பெரும்பகுதி மேய்வதற்கு. இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், “வேறு இடம் பாருங்கள்” என்று எங்களிடம் சுலபமாகச் சொல்லப்படுகிறது. காலபோக நெல் விதைத்துவிட்டால் வன்னியில் மாட்டுப்பட்டிகளுக்கே மேய்ச்சல் தரை இல்லை. வயல் வெளியில் விட முடியாது, காட்டோரம் போனால் வன எல்லைக்கல். அப்படியிருக்க, புல்லும் நிழலும் கிணறும் சேர்ந்த இன்னொரு மேட்டுக்காணியை நாங்கள் எங்கே தேடுவது?

சரி, இனிப் பிணக்குக்கு வருகிறேன்.

2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் நேரத்துக் குளிரில் வடக்கு, கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் 2023இல் கிடுகுக் கொட்டிலைக் கழற்றிவிட்டுத் தகரக் கொட்டகை போட்டோம். அந்த வருடம் மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து நிருவாகம் செயலாளர்களின் கைக்குப் போயிருந்தது. நாங்கள் மன்ற அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டோம், போடலாம் என்றார்கள், போட்டோம். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. அது எங்கள் பிழை. குறிப்பாக என் பிழை. அந்த நேரமும் நான்தான் எங்கள் சங்கத்தின் செயலாளர்.

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு புதிய சபை கூடியது. ஜூனில் எங்கள் கிழக்கு வேலிக்கு அப்பால் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த குடும்பத்தின் முறைப்பாடு போனது. ஜூலையில் சபையிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. அனுமதியற்ற கட்டடம் என்பது முதல் விடயம். குடியிருப்புக்கும் பயிர்ச்செய்கைக்கும் உரிய காணியில் வேறு பாவனை நடக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதுதான் பாரமானது. காணி எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவருக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பேர்மிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதைச் சங்கத்தின் பெயருக்குக் குத்தகை எழுதவும் பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும். பண்ணை என்று விண்ணப்பிக்கப் போனால், எவ்வளவு பால், எவ்வளவு விற்பனை என்று படிவம் கேட்கிறது. கைவிடப்பட்ட மிருகத்தைச் சாகும் வரை வைத்துப் பார்க்கும் இடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்த உத்தியோகத்தருக்கும் தெரியவில்லை. அவர் மனமிருந்தும் வழி தெரியாமல் நின்றார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

முறைப்பாடு செய்த அக்காவிடம் நானும் பொருளாளரும் நேரில் போனோம். “தம்பி, உங்கட குதிரையில எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. சோளகம் அடிச்சா அடுப்படியில நிக்கேலாமல் கிடக்கு, சோத்தில ஈ மொய்க்குது” என்றார். அவருடைய குசினியில் அரை மணித்தியாலம் இருந்தேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை அந்தச் சோளகக் காற்று எங்கள் லத்திக் குவியலைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போகிறது. ஒரு குதிரை ஒரு நாளில் 15 கிலோவுக்கு மேல் லத்தி போடும். நாங்கள் அதைக் கிழமைக்கு ஒருதரம்தான் அள்ளினோம். வெயில் காலத்தில் ஈ முட்டையிட்டு, புழுவாகி, பறப்பதற்கு ஏழு தொடக்கம் பத்து நாள் போதும். அதாவது ஈயை நாங்களேதான் வளர்த்திருக்கிறோம். ஓகஸ்ட் தொடக்கம் தினமும் காலையில் அள்ளி, வளவின் மேற்கு மூலையில் மூடிய குழியில் போடுகிறோம். பப்பாசித் தோட்டக்காரர் ஒருவர் பதினைந்து நாளுக்கு ஒருதரம் லாண்ட்மாஸ்டரில் ஏற்றிப் போகிறார். ஈ குறைந்தது.

ஆனால் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மிருகங்களை மேட்டுக்கு ஏற்றினோம். கால் ஊனமான கிழட்டுக் கழுதை ஒன்றை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, விடிய நாங்கள் போனபோது தண்ணீரில் கிடந்தது. லத்திக் குழி நிரம்பி வழிந்து, வெள்ளத்தோடு அக்காவின் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. குழியை மேற்கு மூலைக்கு மாற்றியபோது காற்றை மட்டுமே யோசித்தோம், வெள்ளம் ஓடும் பக்கத்தை யோசிக்கவில்லை. கிணற்றை இரண்டு தடவை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வழிகாட்டலில் குளோரின் போட்டோம். தண்ணீர் தெளியும் வரை பவுசரில் கொண்டுவந்து கொடுத்தோம். செலவு கணக்கறிக்கையில் இருக்கிறது. அந்தக் குடும்பத்திடம் இந்தக் கூட்டத்தின் முன்னால் மீண்டும் ஒருமுறை மன்னிப்புக் கேட்கிறேன்.

டிசம்பரில் நடந்த கலந்துரையாடலில், குதிரை எங்கள் மண்ணுக்குரிய மிருகம் இல்லை, வைத்திருப்பவர்கள் வெளியே கொண்டுபோகட்டும் என்று ஒரு கருத்து வந்தது. அது எனக்கு மிகவும் நோவாக இருந்தது. கிறிஸ்துவுக்கு முன்னரே அநுராதபுரத்தை 22 வருடம் ஆண்ட சேனனும் குத்திகனும் குதிரை வணிகர் ஒருவரின் பிள்ளைகள் என்று மகாவம்சம் சொல்கிறது. பக்கத்தில் நெடுந்தீவில் இன்றைக்கும் மட்டக்குதிரைகள் மேய்கின்றன. அதெல்லாம் இல்லாவிட்டாலும் என்ன, இந்தச் செவலையை எங்கள் ஊர்க் கல்யாணங்களுக்குத்தானே வாடகைக்குப் பிடித்தோம்? பொம்பிளை மாப்பிளையை இழுத்து வந்தபோது யாரும் அதை அந்நியம் என்று சொல்லவில்லை.

மார்ச் மாதத்துக்குள் நில அளவைப் படமும் கட்டட வரைபடமும் கொடுத்தால் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதாகச் சபை சொல்லியிருக்கிறது. அனுமதி பெற்ற நில அளவையாளர் வந்து அளந்துவிட்டார். படம் வரைந்து தருவதற்கு அங்கத்தவர் ஒருவரின் மகள் முன்வந்திருக்கிறார், அவருக்கு நன்றி. அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கிழக்கு வேலியிலிருந்து கொட்டகையைத் தள்ளிப் போடவும், லத்திக் குழியைச் சீமெந்துக் கட்டோடு உயர்த்தவும், 18 மிருகங்களுக்கு மேல் ஏற்காதிருக்கவும் நிருவாகசபை தீர்மானித்துள்ளது. கடைசித் தீர்மானத்துக்குக் கை தூக்குவது எனக்குக் கடினமாக இருந்தது. இடமில்லை என்று எத்தனை கழுதைகளைத் திருப்பி அனுப்பப் போகிறோமோ தெரியாது. ஆனாலும் தூக்கினேன்.

சந்தா 31 பேரிடமிருந்து வந்தது, மிச்சப்பேர் இன்று கொடுத்துவிடுங்கள். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

உள்ளூராட்சி சபைக்கு அனுப்பும் கடிதத்தின் வரைவு உங்கள் கையிலுள்ள தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதில் அக்காவும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: வருடத்துக்கு இரண்டு தடவை தன்னுடைய கிணற்றுத் தண்ணீரைச் சங்கத்தின் செலவில் பரிசோதிக்க வேண்டும் என்று. அந்த வரியோடு சேர்த்தே கடிதத்தை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கொட்டகைத் தூண் கிளப்பும் சிரமதானம் வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு. அலவாங்கு வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

நன்றி.
செயலாளர்