லைன் வண்டிக்கு மாறிய மகனுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே சங்ககிரியில் எல்லாரும் சௌக்கியம். நீ கோயம்புத்தூரிலிருந்து சென்னை மாதவரத்துக்கு ராத்திரியில் பார்சல் ஏற்றிப் போகும் லைனுக்கு மாறிவிட்டதாக அம்மா சொன்னாள். போனில் எதைச் சொன்னாலும் "சரிங்கப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதி அனுப்புகிறேன். லோடு ஏறும்வரை சும்மாதானே உட்கார்ந்திருப்பாய், அப்போது படி.

அந்த உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன். சிமென்ட் வண்டி என்றால் லோடு ஏறியதும் கிளம்பலாம். பார்சல் அப்படியில்லை. பொள்ளாச்சியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் பிக்-அப் வண்டி வந்து சேராமல் கதவைச் சாத்த மாட்டார்கள். ஒன்பது மணி வண்டி பதினொன்றுக்குக் கிளம்பும். ஆனால் மாதவரத்தில் காலை டெலிவரி வண்டிகள் காத்து நிற்கும். அந்த நேரம் மட்டும் மாறாது. குடோனில் தொலைந்த இரண்டு மணி நேரத்துக்கு எல்லாரும் டிரைவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதை ரோட்டில் எடுக்கப் பார்க்காதே. கணக்குப் போட்டுப் பார்: 300 கிலோமீட்டரைச் சராசரி 60இல் ஓட்டினால் 5 மணி நேரம், 70இல் ஓட்டினால் 4 மணி 17 நிமிடம். மிச்சம் 43 நிமிடம். சராசரி 70 வர முள் 80ஐ விட்டு இறங்கவே கூடாது, 80க்கு மேல் கவர்னரும் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) விடாது, சட்டமும் விடாது. முக்கால் மணி நேரத்துக்காக ராத்திரி பூராவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. கதவு சாத்திய நேரத்தை டிரிப் ஷீட்டில் எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கு. காலையில் "ஏன் லேட்டு" என்று கேட்டால் ஷீட்டை நீட்டினால் போதும்.

சுமார் 500 கிலோமீட்டர், டோலும் டீயும் சேர்த்து ஒன்பது பத்து மணி நேரம். 1961ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்தார்கள். எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. சேலத்திலோ உளுந்தூர்பேட்டையிலோ டிரைவர் மாற்றுகிற ஏற்பாடு இருந்தால் அதைக் கேட்டு வாங்கு. பேட்டா (டிரிப் படி) குறையும், குறையட்டும்.

லோடு ஏற்றுவது லோடுமேன்கள் வேலைதான், ஆனால் ரோட்டில் சாய்வது உன் வண்டி. பார்சலில் எடை ஏறுவதற்கு முன்னால் இடம் நிறைந்துவிடும், அதனால் லேசான லோடு என்று நினைத்து ஏமாறுவார்கள். இரும்புச் சாமான், மோட்டார், பெயின்ட் டின் எல்லாம் தரையில் இருக்க வேண்டும், துணி பேல் மேலே. தலைகீழாக ஏற்றினால் வளைவில் வண்டி ஆடும். கனமான பெட்டி கடைசியாக வந்தது என்று கதவோரம் அடுக்க விடாதே. பின்பாரம் அதிகமானால் முன் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தித்தான் கட்ட வேண்டும். எண்ணெய் டின் பக்கத்தில் துணி வேண்டாம். ஒரு டின் ஒழுகினால் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு அச்சு வண்டிக்கு முன் அச்சில் 7 டன், பின் அச்சில் 11.5 டன், மொத்தம் 18.5. தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. தீபாவளி மாதத்தில் ஸ்வீட் பாக்ஸ், பொம்மை என்று எழுதிப் பட்டாசு போடுவார்கள். சந்தேகம் வந்த பெட்டியை ஏற்றாதே, திறந்து காட்டச் சொல். சத்தம் போடுவார்கள், போடட்டும்.

இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் சீட்டு, அதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வண்டி விவரம் எழுதும் பார்ட்-பியில் உன் வண்டி நம்பர் இருக்கிறதா என்று. பொள்ளாச்சியிலிருந்து பார்சல் கொண்டுவந்த சின்ன வண்டியின் நம்பரே அதில் நிற்கும், உன் வண்டிக்கு மாற்ற மறந்திருப்பார்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்பு இருந்தால் பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, முதல் நாள் மறுநாள் நள்ளிரவில்தான் முடியும். அதனால் உன் ஓட்டத்துக்குள் காலாவதி ஆகாது. ஆனால் குடோனில் பல நாளாகப் படுத்துக் கிடந்த பார்சலுக்கு ஆகலாம். முடிகிற நேரத்துக்கு 8 மணி முன்னும் 8 மணி பின்னும்தான் நீட்டிக்க முடியும். ஒரு பெட்டிக்குப் பில் தப்பு என்றாலும் வண்டி மொத்தமும் நிற்கும், வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கேட்பார்கள். மொத்த பார்சலுக்கும் சேர்த்து எடுத்த ஒருங்கிணைந்த பில்லை வாங்கிக்கொண்டே சாவியைத் தொடு. வழியில் வண்டி படுத்து வேறு வண்டிக்கு லோடு மாற்றினாலும் முதலில் பார்ட்-பி, அப்புறம்தான் பார்சல்.

இனி வண்டி. பிரேக்குக்கான டேங்க்கில் காற்று நிரம்பி மீட்டர் முள் நின்றதும் என்ஜினை நிறுத்து. பிரேக்கை முழுசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மீட்டரைப் பார். மிதித்ததும் கொஞ்சம் இறங்கும், அது வழக்கம். அதற்கு மேலும் முள் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கேயோ லீக், காது கொடுத்துக் கேட்டால் சீறுகிற இடம் தெரியும். டேங்க்குக்கு அடியில் இருக்கும் வளையத்தை இழுத்து விடு. வெறும் காற்று வந்தால் நல்லது. தண்ணீர் வந்தால் ஏர் டிரையர் வேலை செய்யவில்லை, எண்ணெய் வாடையோடு வந்தால் கம்ப்ரஸரைப் பார்க்கச் சொல்.

டயரைத் தட்டிப் பார்க்க ஒரு கம்பி வேண்டும். பின்னால் ஜோடி டயரில் வெளி டயரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், உள் டயர் காற்றிறங்கிக் கிடக்கும். பார்வைக்குத் தெரியாது, வெளி டயர் தாங்கிக்கொண்டிருக்கும். இரண்டு டயர் பாரத்தை ஒன்று சுமந்து சூடேறி, ராத்திரி இரண்டு மணிக்கு வெடிக்கும். காற்றிறங்கிய டயரும் மடிந்து மடிந்து உரசிச் சூடாகிப் புகையும், சில சமயம் பற்றியும் கொள்ளும். கம்பியால் தட்டினால் காற்றுள்ள டயர் கம்பியை எகிறத் தள்ளும், இல்லாதது தொப்பென்று வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருந்தால் நெம்பி எடு. வீல் நட்டுக்குக் கீழே துரு வழிந்த கோடு தெரிந்தால் அந்த நட்டு லூஸ். டயர் மாற்றிய வண்டி என்றால் 50, 100 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி முடுக்கு. காற்று அழுத்தத்தைக் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் மீட்டர் கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்காதே.

வண்டியின் முன் கண்ணாடியை உள்பக்கமும் துடை. எதிர் லைட் அடிக்கும்போது கண் கூசுவது பாதி அந்த அழுக்கால்தான். கூசினால் லைட்டைப் பார்க்காமல் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டு.

வழியில் சேலம் வரை சிரமமில்லை. சேலம்–உளுந்தூர்பேட்டைதான் கவனம். நான்கு வழியில் நிம்மதியாக வந்துகொண்டிருப்பாய், ஊர்ப் புறவழிச்சாலையில் அகலப்படுத்தும் வேலை முடியாத இடத்தில் திடீரென்று இருவழியாகச் சுருங்கும், தடுப்புச் சுவர் இருக்காது. எதிரில் வருகிற ஆம்னி பஸ்ஸும் அதே நினைப்பில்தான் வருவான். அங்கே ஓவர்டேக் வேண்டவே வேண்டாம். கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்கள் பின்விளக்கே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். கரும்புத் தோகை உன் லைட்டை விழுங்கிவிடும், கிட்டே போகும்வரை வெறும் இருட்டாகத்தான் தெரியும். மார்கழி, தை மாதங்களில் மேல்மருவத்தூர் பக்கம் சிவப்பு உடுத்திய பக்தர்கள் ரோட்டோரம் நடப்பார்கள், விடியற்காலைப் பனியும் சேர்ந்துகொள்ளும். பரனூர் டோலை ஐந்தரைக்குள் தாண்டினால் பெருங்களத்தூரில் ஏறி சென்னை பைபாஸில் நேராகப் போகலாம். தாண்ட முடியாவிட்டால் அவசரப்படாதே, கூடுவாஞ்சேரி நெரிசலில் எப்படியும் எல்லாரும் ஒன்றாகத்தான் நிற்பீர்கள். ஊருக்குள் கனரக வண்டி நுழையக் கட்டுப்பாட்டு நேரம் உண்டு. பைபாஸை விட்டு இறங்கும் முன் கேட்டுக்கொள்.

என்றைக்காவது ஓசூர் லைனுக்கு அனுப்பினால் திரும்பும்போது தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம். இரட்டைப் பாலம் வரை எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது என்று உனக்கே தெரியும். பல விபத்துக்குக் காரணம் நியூட்ரலில் இறங்குவது. டீசல் மிச்சம் என்பது பழைய பேச்சு. இப்போதைய என்ஜினில் கியரில் இறங்கி ஆக்ஸிலேட்டரை விட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் குடிக்கும். நியூட்ரலில் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டும். டிரம் சூடேறி விரியும், லைனர் வழுக்கும், மிதித்தாலும் பிடிக்காது. மேலேயே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு, வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை அழுத்தி மிதித்து விடு. லேசாக மிதித்தபடியே இறங்காதே, அதுதான் டிரம்மைச் சுடவைப்பது.

தூக்கம். ராத்திரி இரண்டிலிருந்து ஐந்துவரை உடம்பு தூங்கக் கேட்கும், எத்தனை வருடம் ஓட்டினாலும் கேட்கும். கண் மூடித்தான் தூங்க வேண்டும் என்றில்லை. திறந்தபடியே மூன்று நொடி போய்விடும். 80 வேகத்தில் மூன்று நொடி என்றால் சுமார் 67 மீட்டர். கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று ஞாபகம் வரவில்லையா, கோட்டின் மேல் டயர் ஏறும் சத்தம் கேட்டதா, அப்போதே நிறுத்த வேண்டும். பாட்டு, ஜன்னல் காற்று, முகம் கழுவுவது எல்லாம் பத்து நிமிட வேலை. பலிப்பது ஒன்று: பங்க்கிலோ டோல் பக்கத்து லே-பையிலோ (லாரி ஒதுங்கி நிற்கும் இடம்) நிறுத்தி, ஒரு ஸ்ட்ராங் டீயோ காபியோ குடித்த கையோடு, 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படு. குடித்தது ரத்தத்தில் ஏறவும் அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து தெளிவு தரும். முக்கால் மணி தூங்கிவிட்டால் எழுந்ததும் மந்தமாக இருக்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஸ்டீயரிங்கில் உட்கார வேண்டும். ஏசி கேபின் வண்டி என்றால் காற்று உள்ளேயே சுற்றும் பட்டனை அணைத்து வை, மூடிய கேபினில் மூச்சுக்காற்றே தூக்கத்தைக் கூட்டும். மாத்திரை, பாக்கு எதையும் தொடாதே.

வண்டி படுத்தால் ரோட்டில் ஒரு அங்குலம்கூட நிற்காதபடி ஓரம் தள்ளு. நான்கு விளக்கையும் மினுக்க விட்டு, சிவப்பு முக்கோணத்தை 100 மீட்டராவது பின்னால் வை. நின்ற லாரியில் மோதுவதில்தான் ராத்திரியில் நிறையப் பேர் சாகிறார்கள். கல்லும் கிளையும் போடுகிறவர்கள் போகும்போது எடுப்பதில்லை, அடுத்து பைக்கில் வருகிறவன் அதில் விழுவான். நெடுஞ்சாலை உதவிக்கு 1033. டயர் மாற்றும்போது ரோட்டுப் பக்கம் முதுகைக் காட்டி உட்காராதே. வெயில் என்று எந்த யார்டிலும் வண்டிக்கு அடியில் படுக்காதே.

மாதவரம் போனதும் கதவில் போட்ட சீல் நம்பரை அவர்கள் கண்ணெதிரே ஷீட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல், உடைக்கும் முன் போட்டோ எடு. எண்ணிக்கை குறைந்தாலோ பெட்டி நசுங்கியிருந்தாலோ அங்கேயே எல்ஆரில் (சரக்கு ரசீது) எழுதிக் கையெழுத்து வாங்கு. சாயங்காலம் போன் வந்தால் உன்மேல்தான் விழும். பிறகு ஜன்னலை மறைத்து ஏழு மணி நேரம் தூங்கு, போனைச் சைலண்டில் போடு, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். டயர் தட்டுகிற கம்பி உன் வண்டியில் இல்லையென்றால் சொல், நல்லதாக ஒன்று அடித்து வாங்கி வைகுந்தம் டோலில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா