மரியன் கல்நெஞ்சக்காரி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவின் 'தி பேர் கேம் ஓவர் தி மவுண்டன்' கதையையும், அதை வைத்து சாரா பாலி எடுத்த 'அவே ஃப்ரம் ஹெர்' படத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கதை வந்தது 1999 கடைசியில், படம் 2006இல். இத்தனை வருஷம் கழித்தாவது நம் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார்களே என்று ஆசையாகப் படிக்க உட்கார்ந்தேன். நடுவில் ஒரு வாக்கியம் வந்தது. கதையில் வரும் ஆப்ரியின் மனைவி மரியன், வீட்டுக்கு ஆசைப்பட்டுக் கணவனின் சந்தோஷத்தைப் பறித்த கல்நெஞ்சக்காரியாம். அதற்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை.

கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஞாபகம் தப்பிப்போகும் ஃபியோனா, மெடோலேக் என்ற முதியோர் இல்லத்தில் சேருகிறாள். முதல் முப்பது நாள் யாரும் வந்து பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. அது முடிந்து கணவன் கிராண்ட் போனால், அவள் அங்கே தங்கியிருக்கும், சக்கர நாற்காலியில் இருக்கும் ஆப்ரியின் பக்கத்திலேயே இருக்கிறாள். பிறகு மரியன் ஆப்ரியை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறாள், ஃபியோனா படுக்கையில் விழுகிறாள். இவ்வளவையும் எழுதிய கட்டுரையாளர், மரியன் ஏன் கூட்டிப் போனாள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எப்போதும் ஆப்ரியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். கொஞ்ச நாள் ஓய்வுக்காகத்தான் அவனை அங்கே விட்டிருந்தாள். நிரந்தரமாகச் சேர்ப்பதென்றால் வீட்டை விற்க வேண்டும், அவளுக்கென்று இருப்பது அந்த வீடு ஒன்றுதான். ஃபியோனாவைப் பார்க்க ஆப்ரியை அழைத்து வரச் சொல்லிக் கேட்டு, தன் சமையலறையில் வந்து உட்கார்ந்திருக்கும் கிராண்டிடம் அவள் இதை ஒளிக்காமல் சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் கிராண்ட் குடியிருப்பதோ, ஃபியோனாவுக்கு அவள் அப்பா வழியில் வந்த வீட்டில்.

நானும் மரியனாக இருந்தவள் ஐயா. என் கணவருக்கு மறதி நோய் வந்தபோது ஒரு இல்லத்தில் விசாரித்தேன். முன்பணமும் மாதக் கட்டணமும் சேர்த்துச் சொன்ன தொகைக்கு, நாங்கள் இருந்த ஃப்ளாட்டைத்தான் விற்றிருக்க வேண்டும். விற்றுவிட்டு நான் எங்கே போவது? வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆனால் 'வீட்டுக்குப் போகணும்' என்று கேட்டைப் பிடித்து ஆட்டுவார். பார்த்துக்கொள்ள வந்த பையன் ஊட்டினால்தான் சாப்பிடுவார். நான் தட்டை எடுத்துப் போனால், 'இந்தம்மா யாருப்பா?' என்று அவனிடம் கேட்பார். அந்தப் பையன் வேறு வேலை கிடைத்துப் போனபோது அவர் சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தார். அவனைத் தக்கவைக்கக் கூடுதல் சம்பளம் கொடுக்க என் பென்ஷனில் இடமில்லை. அப்போது சொந்தக்காரர்கள் என்னைச் சொன்ன வார்த்தையும் கட்டுரையாளர் மரியனைச் சொன்ன வார்த்தையும் ஒன்றுதான்.

சரி, கிராண்டுக்கு என்ன பட்டம் தெரியுமா? தியாகி! மாணவிகளோடு அவனுக்கு இருந்த உறவுகளும், அதனால் வேலையைச் சீக்கிரமே விட நேர்ந்ததும் கட்டுரையில் 'இளமைத் தவறுகள்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிட்டன. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மன்றோ நம்மைக் கடைசிவரை கிராண்டின் மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறார். ஃபியோனாவுக்கு எவ்வளவு தெரியும் என்று நமக்குத் தெரியாது. அவள் அவனை யாரோ போல உபசரிக்கும்போது, இது நோயா, அவள் விளையாடுகிறாளா என்று அவனே தடுமாறுகிறான். படத்தில் இல்லத்துக்குப் போகும் வழியில், காரில் ஃபியோனாவே அந்தப் பழைய விஷயத்தை எடுத்துப் பேசுகிறாள். ஃபியோனாவாக வரும் ஜூலி கிறிஸ்டி அதை அருமையாகச் செய்கிறார். ஆனாலும் அவள் வாய் திறந்த உடனேயே, கதையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த பயம் பாதி போய்விட்டது. இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பற்றி ஒப்பீட்டுக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை.

மரியன் விஷயத்தில் படம் இன்னும் நியாயமாக நடந்துகொள்கிறது என்பேன். கிராண்ட் அவள் வீட்டைத் தேடிக் காரில் போவதில்தான் படமே தொடங்குகிறது. கதையில், மரியன் தொலைபேசியில் விட்ட செய்திகளை கிராண்ட் கேட்பதோடு அவர்கள் இருவர் விஷயத்தை மன்றோ நிறுத்திக்கொள்கிறார், பிறகு இருவருக்குள் என்ன நடந்தது என்பது நம் ஊகம். படம் அதைக் காட்டுகிறது. மரியனாக வரும் ஒலிம்பியா டுகாகிஸின் முகத்தைப் பார்த்த யாருக்கும் கல்நெஞ்சம் என்று எழுத மனம் வராது. படத்தையாவது முழுதாகப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் இரண்டு இடத்தில் 'நாவல்' என்று இருக்கிறது. 2013இல் நோபல் கொடுத்தவர்கள் மன்றோவைச் சமகாலச் சிறுகதையின் மேதை என்றுதானே சொன்னார்கள்? அந்த வருஷம் அவருடைய கதை ஒன்றை நீங்களும் வெளியிட்டீர்கள். பாதியாக வெட்டியிருந்தீர்கள், மொழிபெயர்ப்பாளர் பெயரும் இல்லை. அப்போது எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அப்புறம் முதியோர் சிறப்பிதழ் போட்டீர்கள். தினமும் குறுக்கெழுத்துப் போடுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர்கள் சொன்னதெல்லாம் வந்தது. பெரியவர்களுக்கான டயப்பர் என்ன விலை, ராத்திரி ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று ஒரு வரி இல்லை. அதே இதழின் நகைச்சுவைப் பக்கத்தில், மறதி வந்து மனைவியை அடையாளம் தெரியாத தாத்தாவை வைத்து ஒரு ஜோக். என் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை என்பதால் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அது சிறுகதை என்றும், மரியன் ஆப்ரியைக் கூட்டிப் போனதற்குப் பணமே காரணம் என்றும் இரண்டு வரி போதும். முடிந்தால் உரிய அனுமதி வாங்கி, அந்தக் கதையைத் தமிழில் வெட்டாமல், மொழிபெயர்த்தவர் பெயரோடு வெளியிடுங்கள். சென்ற இதழில் படத்தின் காட்சிகளுக்குக் கொடுத்த பக்கங்களே அதன் முதல் பகுதிக்குப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்