சாண்டி ஹூக்கிலிருந்து ஒரு கடிதம்

மக்கா,

ஈஸ்டருக்கு நீ எழுதியதற்கு ஆகஸ்ட் முடியப்போகும்போது பதில் போடுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே நியூ ஜெர்சியில் எல்லோரும் சுகம். அம்மாவின் கண் ஆபரேஷன் அன்று நீ கூடவே இருந்ததாகத் தங்கச்சி சொன்னாள். நன்றி சொன்னால் கோபப்படுவாய், அதனால் விடுகிறேன். சர்க்கரை அண்ணன் இன்னும் அந்த ஆமைக் கதையைச் சொல்கிறாரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை ராத்திரி நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இந்த வருடம் கோடை முழுக்கக் கடல் ஒரு நிலையில் இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் நாலு நாள் விடாமல் தெற்குக் காற்று. வெயில் கொளுத்துகிறது, கடலில் கால் வைத்தால் விறைக்கிறது. ஆடியில் குளச்சலில் கரமடி இழுக்கும்போது தண்ணீர் திடீரென்று சில்லிடுமே, அதுபோலத்தான். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து அடிக்கும் காற்று மேல்தண்ணீரை வெளிக்கடலுக்குத் தள்ளிவிட, அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. நம் கடலில் அது சாளையையும் அயலையையும் கொழுக்க வைக்கும். இங்கே கரையில் நிற்கிறவனுக்கு அந்த நாட்களில் ஒன்றும் கிடைக்காது. ஃபுளூக் என்று ஒரு தட்டை மீன், நம் நாக்குமீனுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள், அது வாயைத் திறக்கவே இல்லை.

அப்புறம் காற்று கிழக்குக்குத் திரும்பியது, சூடான தண்ணீர் கரைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை நான் போனது வளைகுடாப் பக்கம். தண்ணீர் 78 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 25க்கும் மேல். புளூஃபிஷ் வரும் என்று பத்து பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பில் மடவைக் குஞ்சைக் கோத்துப் போட்டேன். கடித்தது ஸ்ட்ரைப்பர், அதாவது ஸ்ட்ரைப்டு பாஸ்.

ஸ்ட்ரைப்டு பாஸைப் பற்றி உனக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன்! உடம்பில் கறுப்புக் கோடு ஓடும் அந்த மீன் கோடையில் பெரும்பாலும் வடக்கே மாசசூசெட்ஸ் பக்கம் போய்விடும். ஒன்றிரண்டுதான் இங்கே தங்கும். இது எப்படி அங்கே நின்றதோ தெரியவில்லை. பதினைந்து நிமிடம் ஓடியது. மெல்லிய நரம்பு, இழுத்துப் பிடிக்க முடியவில்லை. கரைக்கு வந்ததும் அளந்தேன், 36 அங்குலம்.

2023 முதல் 28க்கும் 31க்கும் இடையில் இருக்கும் ஒரே ஒரு மீனைத்தான் ஒருவர் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரியது என்றால் விட்டுவிட வேண்டும். அந்த அளவுக்கு வளர்ந்தது பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும். பத்து வயதுக்கு மேல், ஒரு தடவைக்குப் பத்து லட்சத்துக்கும் கூடுதலாக முட்டையிடும். இந்த மீன் முட்டையிடும் செசபீக் வளைகுடாவில் 2019 முதல் குஞ்சுகள் சரியாகத் தேறவில்லை. அதனால்தான் பெரிய தாய்மீன்களைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

விட்டேன், மக்கா. கீழுதட்டைப் பிடித்து, நீரோட்டத்துக்கு எதிரே முகத்தைத் திருப்பி, இருபது நிமிடம் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். ஒரு தடவை வாலை அசைத்தது. கையை எடுத்தேன், வயிறு மேலே வந்துவிட்டது. மறுபடி பிடித்தேன், மறுபடி அதேதான். தூண்டில் முள் குடலுக்குள் இறங்கவில்லை, வட்டமுள் வாயோரத்தில்தான் மாட்டியிருந்தது. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு, அத்தனை நேரம் போராடிய மீனுக்கு மூச்சு திரும்பவில்லை. விடப்படுகிற ஸ்ட்ரைப்பரில் நூற்றுக்கு ஒன்பது சாகும் என்று மீன்வளத்துறையினர் கணக்கில் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் சூடானால் இன்னும் கூடும். மேரிலாந்தில் 2020 முதல் சில ஆண்டுகள் ஜூலை 16 முதல் 31 வரை ஸ்ட்ரைப்பர் பிடிக்கவே விடாததற்குக் காரணம் இதுதான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தண்ணீருக்கு வெளியே அதை அரை நிமிடம் தூக்கிப் பிடித்தேன். படம் எடுக்க. உனக்கு அனுப்பத்தான்.

செத்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். இருபது பவுண்டு நல்ல மீனைக் கடலுக்குள் தள்ளிவிட்டு வெறுங்கையோடு நடந்து வந்தேன். உயிரோடு இருக்கிற மீனைத் திரும்ப விடுகிறோம் என்றாலே பெரியப்பா எழுந்து போய்விடுவார். இதை அவரிடம் சொல்லாதே.

மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. இனி தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும்வரை ஸ்ட்ரைப்பர் நிற்கும் இடத்தில் தூண்டில் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பத்து பவுண்டு நரம்பைக் கழற்றிவிட்டு முப்பது பவுண்டு சுற்றியாயிற்று. சீக்கிரம் இழுத்தால் சீக்கிரம் விடலாம்.

இப்போது பெர்முடா பக்கம் ஒரு புயல். இங்கே மழைத்துளி இல்லை, ஆனால் நீளமான அலை வந்து மணலை அரிக்கிறது, உள்ளிழுப்பும் பலம். குளிக்கக் கூடாதென்று கொடி போட்டிருக்கிறார்கள். அது அடங்கி முதல் வடகிழக்குக் காற்று வீசினால் மடவைக் குஞ்சுகள் வளைகுடாவை விட்டுக் கூட்டம் கூட்டமாகக் கரையோரமே தெற்கே போகும். பின்னாலேயே புளூஃபிஷ் வரும், நம் சூரைக்குச் சொந்தக்காரனான ஆல்பியும் வரும். அதுவரை வீட்டில்தான்.

உங்கள் கடலில் இந்த ஆடியில் குளிர்ந்த தண்ணீர் எப்போது ஏறியது? சாளை வந்ததா? பெரியப்பா தேதியோடு சொல்வார், கேட்டு எழுது. அந்தப் படத்தை உனக்கு அனுப்பப்போவதில்லை.

உன்
மக்கா