எந்த கோர்ஸ்னு பெக்டரில வேல செய்றவங்கள ஒரு வார்த்த கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பினாங்கு பட்டர்வொர்த்ல இருக்கேன், பக்கத்துல பிறைல ஒரு பெக்டரில மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்ல 22 வருசமா வேல, இப்ப சூப்பர்வைசர். ஆள் எடுக்கறப்ப இன்டர்வியூல நானும் உக்காருவேன், அதனாலதான் இத எழுதறேன், ரொம்ப நாளா மனசுல கெடந்து உறுத்துற விசயம்.

போன மாசம் டெக்னீசியன் வேலைக்கு நம்ம பையன் ஒருத்தன் வந்தான். 23 வயசு. பிளாஸ்டிக் பைல்ல சர்டிபிகேட் எல்லாத்தையும் வரிசையா அடுக்கி வச்சிருந்தான், பள்ளிக்கூட கடைசி பரீட்ச எஸ்.பி.எம்., அதுக்கப்புறம் தனியார் காலேஜ் ஒன்னுல மேனேஜ்மென்ட் டிப்ளோமா. ஆபிஸ் வேலைக்கு அலைஞ்சு பாத்துட்டு, எது கெடச்சாலும் சரின்னு வந்துருக்கான். மேசைல ஒரு பியூஸ வச்சு, கரண்ட் செக் பண்ற மல்டிமீட்டர கைல குடுத்து, இது நல்லா இருக்கா போயிருச்சான்னு பாத்து சொல்லு தம்பின்னேன். ரெண்டு வயரையும் புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னான், எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியல. "அண்ணே, இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரலண்ணே"ன்னான். பி.டி.பி.டி.என்.ல வாங்குன அரசாங்க படிப்புக் கடன் மட்டும் தல மேல நிக்குது. அவன் மேல எனக்கு கோவமே வரல. 18 வயசுல அவன் பக்கத்துல உக்காந்து, தம்பி நம்ம வீட்ட சுத்தி இருக்கற பெக்டரிங்க என்ன மாதிரி ஆள தேடுதுன்னு சொல்ல ஒரு ஆள் இல்லாம போச்சேன்னுதான் வயிறு எரிஞ்சது.

எங்க டிபார்ட்மென்ட்லயே தைப்பிங் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு தங்கச்சி இருக்கு, எஸ்.கே.எம்.ங்கற மலேசிய ஸ்கில் சர்டிபிகேட்ல மூணாவது லெவல் முடிச்சது. ஒருநாள் ராத்திரி ஷிப்ட்ல கன்வேயர் நின்னுபோச்சு, ஆளாளுக்கு சென்சார மாத்து, மோட்டர மாத்துன்னு கத்துறாங்க. அது பேசவே இல்ல, டிராயிங்க விரிச்சு வச்சு, மெசின கன்ட்ரோல் பண்ற பி.எல்.சி.ல எந்த இன்புட் லைட் எரியலன்னு பாத்து, வயர் நம்பர புடிச்சே போயி, பேனலுக்குள்ள லூசா இருந்த ஒரு ஸ்க்ரூவ டைட் பண்ணுச்சு, லைன் ஓடிருச்சு. இதுதாங்க எங்களுக்கு வேணும்.

நம்ம ஆளுங்க இன்னும் ஸ்கில் படிப்புன்னா மார்க் வராத பசங்களுக்குன்னு நெனைக்கிறாங்க. மூணாவது லெவலுக்கு மேல டிப்ளோமா, அதுக்கு மேல அட்வான்ஸ் டிப்ளோமான்னு அஞ்சாவது லெவல் வரைக்கும் இருக்கு, டிகிரிக்கு போகவும் வழி இருக்கு. எரிசக்தி ஆணையத்தோட வயர்மேன், சார்ஜ்மேன் சர்டிபிகேட் எடுத்தவன கம்பெனிங்க தேடிப் புடிக்கும். ஸ்கில் படிப்புக்குன்னே இருக்கற பி.டி.பி.கே.ல கடனும் குடுக்கறாங்க. கோயில் திருவிழால ஒரு அம்மாகிட்ட இத சொன்னேன், "இப்படி ஒன்னு இருக்குன்னே தெரியாதே தம்பி"ன்னாங்க, அவங்க மகன் டிப்ளோமா ரெண்டாவது வருசத்துல இருக்கான்.

பினாங்குக்கு இது புதுசே இல்ல. 1972ல பாயான் லெப்பாஸ்ல ப்ரீ டிரேட் சோன்னு வரிச் சலுகை தொழில் பேட்ட வந்தப்ப, இன்டெல் மாதிரி கம்பெனிங்க வந்தப்ப, நம்ம அக்காமாருங்க கம்பெனி பஸ் ஏறிப் போயி ஒப்பரேட்டர் வேல செஞ்சுதான் குடும்பத்த தூக்கி விட்டாங்க, அன்னைக்கு கை வேகமா இருந்தா போதும். அப்புறம் மெசின் மாறிச்சு, ஆளுக்கு வேற ஸ்கில் வேணும்னு ஆச்சு, 1989ல பெக்டரிங்களும் அரசாங்கமும் ஒன்னு சேந்து பினாங்கு ஸ்கில்ஸ் டெவலப்மென்ட் சென்டர ஆரம்பிச்சாங்க. ஆள் வேணுங்கறவனே என்ன சொல்லிக் குடுக்கணும்னும் சொன்னான், அதனாலதான் அது ஓடுச்சு. 2024ல அரசாங்கம் செமிகண்டக்டர் (சிப்) திட்டத்துல 60,000 இன்ஜினியர தயார் பண்ணுவோம்னு சொல்லுச்சு, நல்லதுதான், ஆனா அந்த இன்ஜினியர் டிசைன் பண்ற லைன ராத்திரி 3 மணிக்கு ஓட்டி வைக்க டெக்னீசியன் வேணுமே, அவன எண்ணி எங்க வைக்கிறாங்க?

முதலாளிங்க பக்கமும் தப்பு இருக்கு, அத மறைக்கக் கூடாது. 2005லேர்ந்து எஸ்.எல்.டி.என்.னு ஒரு முறை இருக்கு, புள்ள பெரும்பாலான நேரம் பெக்டரில வேல பழகும், மிச்ச நேரம் சென்டர்ல பாடம் படிக்கும், அலவன்சும் கெடைக்கும். 10 உள்ளூர் ஆளோ அதுக்கு மேலயோ வச்சிருக்கற கம்பெனிங்க சம்பளத்துல 1 விழுக்காடு ட்ரெய்னிங் லெவி கட்டுது, ஆனா அப்ரன்டிஸ் எடுங்கன்னா எங்களுக்கு நேரமில்லன்னு சொல்றாங்க, எஸ்.கே.எம். வச்சிருக்கறவனுக்கும் ஒப்பரேட்டர் சம்பளமே போடுறாங்க, அப்புறம் அவன் சிங்கப்பூர் போயிட்டான்னு பொலம்புறாங்க. போன வருசம் எங்ககிட்ட ப்ராக்டிக்கல் வந்த ரெண்டு பசங்க, இன்ஸ்டிடியூட்ல அவங்க பழகுன மெசின் நான் வேலைக்கு சேந்த காலத்து மாடல்னு சொன்னாங்க. எங்க ஸ்டோர்ல அதவிட புதுசு சும்மா கெடக்குது, குடுத்தா என்ன குறைஞ்சிடும்னு எங்க மேனேஜர்கிட்டயே கேட்டேன், பதில் இன்னும் வரல.

உங்க பத்திரிகைகிட்ட ஒன்னு கேக்கறேன். எஸ்.பி.எம். ரிசல்ட் வந்த வாரம் பூரா காலேஜ் விளம்பரமா வருது, அதே வாரம் ஒரு அரைப்பக்கம் இதுக்கு ஒதுக்குங்க. எந்த இன்ஸ்டிடியூட்ல என்ன கோர்ஸ், எவ்ளோ செலவு, கடன் எங்க கெடைக்கும், முடிச்சா பெக்டரில என்ன வேலன்னு தமிழ்ல போடுங்க. பிறை, பட்டர்வொர்த் பக்கம் எந்த கோயில் மண்டபத்துல கூப்புட்டாலும் ஞாயித்துக்கெழம நான் வர்றேன், கூட வேல செய்ற ரெண்டு பேரும் வர்றேன்னு சொல்லிட்டாங்க. மல்டிமீட்டரையும் ஒரு பழைய பேனலையும் எடுத்துட்டு வர்றோம், அப்பா அம்மாவும் புள்ளையோட வந்து தொட்டுப் பாக்கட்டும்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகர்